29 என்பது தமிழ்நாடா, கர்நாடகமா?

ஜி.எஸ்.டி. பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விற்றவருடைய பதினைந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்று இருந்தால் அவர் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர். 29 என்று இருந்தால் கர்நாடகம். அடுத்து, வருமான வரித் தாக்கலுக்காக உருவாகும் கோப்பைத் திறந்து முகவரிப் பகுதியைப் பாருங்கள். அங்கே 29 என்றால் தமிழ்நாடு, 33 என்றால் சத்தீஸ்கர். கர்நாடகத்துக்கு அங்கே 15. ஒரே ஆடிட்டர், ஒரே மேஜையில், ஒரே நாளில் இரண்டையும் நிரப்புவார். அவருக்குக் குழப்பம் வருவதில்லை, ஏன்னா அவர் கண்ணில் இந்த எண்கள் படுவதே இல்லை. திரையில் மாநிலத்தின் பெயர்தான் தெரியும். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் யாரோ ஒரு பட்டியலை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியல் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு அரசுப் படிவம் தமிழில் பேசுமா பேசாதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. எரியோட்டில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இதைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். வருமான வரிப் பட்டியல் ஆங்கில அகர வரிசையில் போகிறது. அந்தமான் 01, ஆந்திரா 02, அருணாசலப் பிரதேசம் 03 என்று ஆரம்பித்து மேற்கு வங்கத்தில் 32 என்று முடிகிறது. அதற்கப்புறம் வரிசை உடைகிறது: 33 சத்தீஸ்கர், 34 உத்தராகண்ட், 35 ஜார்க்கண்ட். இவை மூன்றும் 2000-ல் பிறந்த மாநிலங்கள். பிறகு 36 தெலங்கானா, 37 லடாக். பின்னால் வந்தவர்களுக்குப் பந்தியின் கடைசியில் இலை போட்ட மாதிரி. ஜி.எஸ்.டி. எண்களோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாநில எண்களை ஒட்டியவை. வடக்கே ஜம்மு காஷ்மீர் 01-ல் தொடங்கி வரைபடத்தில் கீழே இறங்கி வந்து கேரளா 32, தமிழ்நாடு 33, புதுச்சேரி 34 என்று போகும்.

ஆக, ஒன்று அகராதிப்படி, இன்னொன்று வரைபடப்படி. இரண்டிலுமே, ஒரு காலத்தில் யாரோ கண்ணுக்கு வசதியாக அடுக்கிய வரிசை அப்படியே எண்ணாக உறைந்துவிட்டது. காட்டுவதற்கான ஏற்பாடு தகவலுக்குள்ளேயே புகுந்துவிட்டது. இந்தக் கலப்பு எப்படி நடக்கிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதைப் புரிந்துகொள்ள ஸ்கீமா என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்கீமா என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

எக்ஸ்.எம்.எல். என்பது தகவலைப் பெயர் எழுதிய டப்பாக்களில் போட்டு வைக்கும் முறை. சமையலறை அலமாரியில் மிளகு, சீரகம், கடுகு என்று எழுதி ஒட்டியிருப்போமே, அந்த மாதிரி. பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பாக்களும் இருக்கலாம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரியில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. எந்த டப்பாவுக்குள் எது இருக்கலாம், எது கட்டாயம், எது எண், எது எழுத்து, எத்தனை இலக்கம் என்று சொல்லும் சட்டப் புத்தகம்தான் ஸ்கீமா. அதை எழுதும் முறையை அதே அமைப்பு 2001 மே மாதம் தரமாக்கியது.

ஸ்கீமாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பைப் படித்தால், அது செல்லுமா செல்லாதா என்று இயந்திரம் சொல்லிவிடும். 'பின்கோடு ஆறு இலக்கம், முதல் இலக்கம் 0 ஆக இருக்காது' என்பது ஸ்கீமாவில் எழுதக்கூடிய விதி. திண்டுக்கல் மாவட்டத்துக்காரர் 624-ல் தொடங்கும் எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் விட்டுப்போனால் கோப்பு செல்லாது.

ஆனால் அந்தக் கட்டத்துக்கு மேலே திரையில் என்ன தலைப்பு வரும்? 'பின்கோடு' என்றா, 'அஞ்சல் குறியீட்டு எண்' என்றா? கீழே உதவிக் குறிப்பு உண்டா? தப்பாகத் தட்டினால் என்ன சொல்லும்? மாநிலத்தைத் தட்டச்சு செய்ய வேண்டுமா, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தால் போதுமா? முகவரி முதலில் வருமா, பெயர் முதலில் வருமா? இதில் எதையும் ஸ்கீமாவின் விதிகள் சொல்வதில்லை. கோப்பு செல்லுமா என்று பார்க்க இது எதுவும் வேண்டியதில்லை. ஆனால் மனுஷன் நிரப்ப வேண்டுமென்றால் இது எல்லாமே வேண்டும்.

இதை அந்தத் தரத்தை எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள். ஸ்கீமாவின் எந்த வரிக்கும் பக்கத்தில் 'அனொட்டேஷன்' என்ற பெயரில் ஒரு குறிப்பை வைக்கலாம் என்று இடம் விட்டார்கள். அதற்குள் இரண்டு வகை. 'டாக்குமென்டேஷன்' என்பது மனிதர் படிப்பதற்கு. 'ஆப்இன்ஃபோ' என்பது மென்பொருள் படிப்பதற்கு. கோப்பைச் சரிபார்க்கும் இயந்திரம் இரண்டையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். டாக்குமென்டேஷனில் இது இன்ன மொழியில் உள்ள குறிப்பு என்று அடையாளம் போடவும் வழி உண்டு. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று என்று ஒரே வரிக்கு மூன்று குறிப்புகூட வைக்கலாம். 2001-லேயே கதவு திறந்துதான் இருந்தது.

குடும்பப்பெயர் என்ற கட்டம்

வருமான வரித் துறை தன் ஸ்கீமாக்களைப் பொதுவில் வெளியிடுகிறது. தனியார் மென்பொருள் எழுதுபவர்கள் அதைப் பார்த்துத்தான் கோப்பைத் தயாரிக்க வேண்டும். அதில் பெயர்ப் பகுதியில் மூன்று கட்டம்: முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப்பெயர் அல்லது நிறுவனப் பெயர். முதல் இரண்டும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது கட்டாயம். அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு: தனிநபர் என்றால் கடைசிப் பெயரையோ குடும்பப்பெயரையோ, இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் அதன் பெயரையோ இங்கே எழுதவும் என்ற அர்த்தத்தில், ஆங்கிலத்தில்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முருகேசன் மகன் செல்வம். ஊரில் 'மு. செல்வம்', ஆங்கிலத்தில் 'எம். செல்வம்'. அவருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அந்தக் கட்டாயக் கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? தன் பெயர் கடைசியில் வருவதால் 'செல்வம்' என்று எழுதலாம். அப்பா பெயர்தான் குடும்பத்தைக் காட்டுகிறது என்று 'முருகேசன்' என்று எழுதலாம். வெறும் தலைப்பெழுத்தை மட்டும் எழுதுபவர்களும் உண்டு. ஸ்கீமாவைக் கேட்டால் மூன்றும் செல்லும் என்றுதான் சொல்லும். எழுத்துகள் இருக்கின்றன, நீளம் சரி, முடிந்தது. எது சரி என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பக்கத்துக் குறிப்பும் திரையில் வரும் தலைப்பும்தான்.

பான் விண்ணப்பத்தில் பெயருக்கு மூன்று கட்டம். ஆதாரில் ஒரே கட்டம். இரண்டையும் இணைக்கப் போய் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கக்கூடும். தகவல் தப்பில்லை, ஆளும் தப்பில்லை. 'உங்கள் தலைப்பெழுத்தின் விரிவை இந்தக் கட்டத்தில் எழுதுங்கள்' என்று தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை முளைத்தே இருக்காது. அந்த ஒரு வரியின் விலை என்ன என்பதைப் பலர் அலைச்சலால் கொடுத்திருக்கிறார்கள்.

மாநில எண்களுக்கும் அதே ஸ்கீமாவில் குறிப்பு இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட எண்கள் 01, 02, 03 என்று தனித்தனியே. ஆனால் பெயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நீளக் குறிப்பாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரைப்புள்ளி வைத்து, கயிறு மாதிரி நீண்டு கிடக்கின்றன. மனுஷன் படிக்கலாம். மென்பொருள் படிக்க வேண்டுமென்றால் அரைப்புள்ளி அரைப்புள்ளியாக வெட்ட வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் தனியாக ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பட்டியல், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல்.

உள்ளேயே எழுதினால் என்ன?

'சரி, ஸ்கீமாவில்தான் இடம் இருக்கிறதே, தலைப்பு, குறிப்பு, வரிசை, தமிழ் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே கோப்பு, தேட வேண்டாம், தொலையாது. சின்ன வேலைக்கு நானும் அப்படியே செய்வேன்.

பெரிய வேலையில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஸ்கீமா என்பது ஒப்பந்தம். அது மாறினால் அதை நம்பியிருக்கும் எல்லா மென்பொருளும் மறுபடி சோதிக்கப்பட வேண்டும், புதுப் பதிப்பு எண் வேண்டும், அறிவிப்பு வேண்டும். ஆகவே ஸ்கீமாவை வைத்திருப்பவர்கள் அதைச் சுலபத்தில் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. அதற்குள்ளேயே தமிழ்த் தலைப்பையும் பூட்டி வைத்தால், ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தவும் ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும். 'பினாமி மாதிரி ஒரு சொல் போட்டிருக்கீங்க, எங்க ஊர்ல யாருக்கும் புரியலை' என்று ஒருத்தர் சொன்னால், அது அடுத்த வருஷப் பதிப்பில் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். இப்படியே தமிழ் உள்ளே வராமலே போகும். யாருக்கும் தமிழ் மேல் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. பூட்டு தப்பான இடத்தில் இருந்தால் போதும்.

ஒரே பொருள், இரண்டு பெயர்

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்று நம் நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கை எக்ஸ்.பி.ஆர்.எல். என்ற எக்ஸ்.எம்.எல். வடிவில் தாக்கல் செய்ய வேண்டும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2010-11 நிதியாண்டிலிருந்து கொண்டுவந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை, செலுத்தப்பட்ட மூலதனம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ளவை, விற்றுமுதல் 100 கோடி அல்லது அதற்கு மேல் உள்ளவை என்று வரம்பு வைத்தார்கள். எரியோடு, வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் நிறைய. அந்த வரம்பைத் தாண்டும் கம்பெனியின் ஆலை எதுவானாலும் அதன் கணக்கு இந்த வடிவில்தான் போகும்.

எக்ஸ்.பி.ஆர்.எல்.-ன் 2.1 பதிப்பு 2003 டிசம்பரில் வந்தது. அதில் ஸ்கீமா மிகவும் ஒல்லியானது. 'ரொக்க இருப்பு' என்று ஒரு பொருள் உண்டு, அது தொகை, ஒரு குறிப்பிட்ட நாளுக்கானது, பற்று வகை. அவ்வளவுதான் சொல்லும். மீதி எல்லாம் ஸ்கீமாவின் பக்கத்தில் 'லிங்க்பேஸ்' என்ற தனி ஏடுகளில் இருக்கும். மொத்தம் ஐந்து வகை: லேபிள்களுக்கு ஒன்று, எந்தச் சட்டப் பிரிவு என்று காட்ட ஒன்று, எந்த வரிசையில் காட்டுவது என்பதற்கு ஒன்று, எதை எதோடு கூட்டினால் எது வரும் என்பதற்கு ஒன்று, பொருள்களுக்குள் உள்ள உறவுக்கு ஒன்று. ஒவ்வொரு ஏடும் ஸ்கீமாவில் உள்ள பொருளை அதன் அடையாளத்தைச் சொல்லிச் சுட்டிக்காட்டும். ஸ்கீமாவில் உள்ள பொருளின் வரையறை அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதன் பலன் எங்கே தெரிகிறது என்றால், கடைக் கணக்கு எழுதிய யாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தில். நேற்றைய இறுதி இருப்புதான் இன்றைய ஆரம்ப இருப்பு. பேரேட்டில் இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் வந்தாலும் பணம் ஒன்றே. எக்ஸ்.பி.ஆர்.எல். இதை அப்படியே பிடித்துக்கொண்டது. 'ரொக்க இருப்பு' என்ற ஒரே பொருளுக்கு லேபிள் ஏட்டில் பல பெயர் இருக்கலாம்: வழக்கமான பெயர், சுருக்கப் பெயர், விரிவான பெயர், காலத் தொடக்கத்தில் காட்டும் பெயர், காலக் கடைசியில் காட்டும் பெயர், கூட்டுத்தொகையாகக் காட்டும் பெயர். அறிக்கையின் எந்த இடத்தில் எந்தப் பெயர் வேண்டும் என்பதை வரிசை ஏடு சொல்லும். எல்லாவற்றையும் உள்ளேயே எழுதும் ஆசையில் 'ஆரம்ப இருப்பு', 'இறுதி இருப்பு' என்று ஸ்கீமாவில் இரண்டு பொருளை உண்டாக்கியிருந்தால், இரண்டும் ஒரே பணம் என்பதை இயந்திரத்துக்கு யார் சொல்வது?

வரிசையைக் குறிக்கும் எண்ணிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அது தசம எண். 1-க்கும் 2-க்கும் நடுவில் புதிதாக ஒன்றை வைக்க வேண்டுமா? 1.5 என்று போட்டால் போதும், வேறு யாரையும் நகர்த்த வேண்டாம். மாநிலப் பட்டியலில் சத்தீஸ்கர் கடைசிக்குப் போனதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மொழியும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் பயன்படுத்தும் தொகுப்பில் பொருள்கள் ஒன்றே, லேபிள்கள் மட்டும் அந்த ஒன்றியத்தின் பல அலுவல் மொழிகளில். இதே ஏற்பாட்டில் தமிழ் லேபிள் ஏடு ஒன்றைச் சேர்ப்பதற்கு ஸ்கீமாவில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். 'ஆரம்ப இருப்பு' என்று எழுதிய ஏட்டை நானே தயாரித்து என் மென்பொருளில் பயன்படுத்தலாம். கோப்பின் செல்லுபடிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

நமக்கு இது புது யோசனையும் இல்லை. திருக்குறளுக்கு மணக்குடவரும் உரை எழுதினார், பரிமேலழகரும் எழுதினார். மூலம் ஒன்று. ஆனால் அதிகாரத்துக்குள் குறள்களை அடுக்கிய வரிசை இருவருக்கும் பல இடங்களில் வேறு. வரிசை என்பது உரையாசிரியருடைய பார்வை. இன்று நாம் 'இத்தனையாவது குறள்' என்று சொல்லும் எண் பரிமேலழகர் அடுக்கிய வரிசையைத் தொடர்வது. ஒரு உரையின் வரிசை மூலத்தின் அடையாள எண்ணாக உறைந்துவிட்டது. மாநில எண்ணுக்கு நடந்ததுதான்.

ஒரே அடுப்பு

கணக்கு வழக்கை விட்டு ஊருக்குள் வருவோம். சுகாதாரம், விவசாயம் என்று கையில் செல்போனோடு வீடு வீடாகக் கேள்வி கேட்டு வருகிறார்களே, அந்த மாதிரி ஆய்வுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று ஓ.டி.கே. 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் படிவங்கள் டபிள்யூ3சி-யின் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற எக்ஸ்.எம்.எல். தரத்தை ஒட்டியவை. ஆனால் படிவம் தயாரிப்பவர் எக்ஸ்.எம்.எல்.-ஐப் பார்க்கவே வேண்டாம். எக்ஸெல் தாளில் ஒரு வரிக்கு ஒரு கேள்வி: பெயர், வகை, விதி, லேபிள், உதவிக் குறிப்பு, தோற்றம் என்று நெடுவரிசைகள். தமிழ் வேண்டுமென்றால் லேபிளுக்குப் பக்கத்தில் தமிழுக்கு ஒரு நெடுவரிசை. செல்போனில் மொழியை மாற்றினால் கேள்விகள் மாறும். சேகரமாகும் தகவலின் வடிவம் மாறாது.

இந்த நெடுவரிசையில் தமிழ் எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயம் புலப்படும். 'குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கை' என்று எழுதலாம். படிக்க அழகு. ஆனால் வீட்டு வாசலில் நின்று கேட்டால், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகனையும் சேர்த்துச் சொல்வார்கள், ஏன்னா அவன் குடும்பம்தானே. அதனால் அனுபவப்பட்டவர்கள் 'இந்த வீட்ல ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடுறவங்க மொத்தம் எத்தனை பேர்?' என்று கேட்பார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பொதுச் சமையல்தான் குடும்பத்துக்கு அடையாளம்.

இங்கே கவனிக்க வேண்டியது: 'கேட்கும் தொனி' லேபிளின் வேலை. 'ஒரே அடுப்பு' என்பது தொனி இல்லை, பொருள். தமிழ் லேபிளில் அது இருந்து ஆங்கில லேபிளில் இல்லாவிட்டால் இரண்டு மொழியிலும் இரண்டு வேறு எண்ணிக்கை சேகரமாகும். கோப்பு செல்லும், கணக்கு தப்பும். ஆகவே எல்லாக் குறிப்பையும் 'காட்சிக்கானது' என்று பக்கத்து ஏட்டுக்குத் தள்ளிவிடவும் முடியாது.

எது எங்கே: மூன்று கேள்வி

நான் பின்பற்றும் முறை இதுதான். ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து மூன்று கேள்வி கேட்பேன்.

இதை மாற்றினால் நேற்று செல்லுபடியான கோப்பு இன்று செல்லாமல் போகுமா? போகும் என்றால் அது விதி. ஸ்கீமாவுக்குள் இருக்க வேண்டும். திரையில் மட்டும் தடுத்துவிட்டு ஸ்கீமாவில் எழுதாமல் விட்டால், வேறு மென்பொருள் வழியாகத் தப்பான தகவல் உள்ளே வந்துவிடும்.

கோப்பு செல்லும், ஆனால் நிரப்புகிறவர் வேறு பதிலை எழுதுவாரா? அப்படியென்றால் அது பொருள் விளக்கம். அதுவும் ஸ்கீமாவோடு ஒட்டியே, டாக்குமென்டேஷன் குறிப்பாக இருக்க வேண்டும். ஒரே அடுப்பும் குடும்பப்பெயரும் இந்த வகை.

பதிலும் மாறாது, பார்வை மட்டும் மாறுமா? அப்படியென்றால் அது காட்சி. பக்கத்து ஏட்டுக்குப் போகட்டும்.

நூல் குடோன் ஒன்றுக்கு எழுதிய மென்பொருளிலிருந்து உதாரணம் சொல்கிறேன். நூலின் கவுண்ட் 40 என்று ஒரு கட்டம். எண்ணாக இருக்க வேண்டும், பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஆங்கிலப் பருத்தி கவுண்ட், அதாவது 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, என்பது பொருள். இது குறிப்பில் இல்லாவிட்டால் ஆபத்து, ஏன்னா டெக்ஸ் என்று இன்னொரு அளவு இருக்கிறது. அதில் எண் கூடக்கூட நூல் தடிக்கும். கவுண்டில் எண் கூடக்கூட நூல் மெலியும். நம்ம 40 கவுண்ட் அங்கே சுமார் 14.8 டெக்ஸ். மூன்றாவதாக, பில்லில் '40ஸ்' என்று அச்சிடுவதா, குடோன் ஆளின் திரையில் 'நாற்பதாம் நம்பர்' என்று காட்டுவதா என்பது காட்சி. பக்கத்து ஏட்டில் இப்படி இருக்கும்:

கட்டம்: நூல்_கவுண்ட்
பில்லில் தலைப்பு: கவுண்ட்
குடோனில் தலைப்பு: எத்தனையாம் நம்பர்?
உதவி: கோன் மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்க
பிழைச் செய்தி: நம்பர் மட்டும் போடுங்க
வரிசை: 2.5

குடோன்காரர் 'இந்த வார்த்தை வேண்டாம்' என்று சொன்னால் ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். தகவலுக்கு ஒன்றும் ஆகாது.

பிரித்து வைப்பதன் தொல்லை

பிரித்து வைத்தால் எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஏடு இருந்தால் இரண்டும் விலகிப் போகும். ஸ்கீமாவில் ஒரு கட்டத்தின் பெயர் மாறும், பக்கத்து ஏடு பழைய பெயரையே சுட்டிக்கொண்டு நிற்கும். திரையில் தலைப்பே இல்லாமல் ஒரு காலிக் கட்டம் வரும். இதற்கு இரண்டு காவல் வேண்டும். இரண்டு ஏடும் ஒரே பையில், ஒரே பதிப்பு எண்ணோடு போக வேண்டும். வெளியிடும் முன் ஒரு சின்ன நிரல், தலைப்பில்லாத கட்டம் உண்டா, கட்டமில்லாத தலைப்பு உண்டா என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பழைய நூல்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றைக் கணினியில் பதிவு செய்யும் ஆய்வாளர்கள் டி.ஈ.ஐ. என்ற எக்ஸ்.எம்.எல். முறையைப் பின்பற்றுகிறார்கள். 2019-ல் தொடங்கிய தர்மா என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்த வழியில்தான் பதிவு செய்கிறது. டி.ஈ.ஐ.-யில் ஸ்கீமா, விளக்கம், மொழிபெயர்ப்பு எல்லாம் 'ஓ.டி.டி.' என்ற ஒரே மூல ஏட்டில் இருக்கும். 2016-லிருந்து எந்தப் பகுதியைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதையும் அதிலேயே எழுதலாம். ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: ஒவ்வொரு விளக்கத்திலும் மொழியோடு, அது எந்தத் தேதியின் பதிப்பு என்றும் குறிக்கிறார்கள். மூல விளக்கம் மாறியும் மொழிபெயர்ப்பு பழைய தேதியிலேயே நின்றால் உடனே தெரிந்துவிடும். ஆகவே ஒரே ஏடா, இரண்டு ஏடா என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒவ்வொரு பகுதியையும் மற்றதைக் கலைக்காமல் தனியே எடுத்துத் திருத்த முடிகிறதா என்பதே முக்கியம்.

ஜேசன் வந்த பிறகு

இவ்வளவும் எக்ஸ்.எம்.எல். காலத்துக் கதை, இப்போது எல்லாம் ஜேசன் ஆயிற்றே என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். வருமான வரித் தாக்கலும் 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஜேசனுக்கு மாறிவிட்டது. ஜி.எஸ்.டி. ஆரம்பத்திலிருந்தே ஜேசன். ஆனால் ஜேசன் ஸ்கீமாவிலும் 'டைட்டில்', 'டிஸ்கிரிப்ஷன்' என்று குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது. அதே கேள்வி அங்கும் எழுகிறது. சொல்லப்போனால் ஒரு படி இறக்கம். எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் ஒரு வரிக்குப் பல மொழிக் குறிப்பு வைக்க முடிந்தது. ஜேசன் ஸ்கீமாவில் டிஸ்கிரிப்ஷன் என்பது ஒரே ஒரு வாக்கியச் சரம், மொழி அடையாளம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட எண்களின் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் குறிப்பு வைக்கவும் நேர்வழி இல்லை, சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே படிவம் தயாரிக்கும் ஜேசன் கருவிகள் பலவும் காட்சிக்கென்று தனி ஏடு ஒன்றைக் கேட்கின்றன. தமிழுக்குப் பக்கத்து ஏடு முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

பெயர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயரையே அடையாளமாக வைத்த மென்பொருள்களில் அந்தச் சில நாட்கள் என்ன பாடாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னை சென்ட்ரலுக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் குறியீடு இன்றும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.எஸ். தான். பெயர்ப்பலகை மாறியது, ரயில் தப்பான இடத்துக்குப் போகவில்லை.

அடுத்த முறை நீங்கள் ஒரு படிவத்தை, அது எக்ஸெல் தாளாக இருந்தாலும் சரி, தயாரிக்கும்போது இதை மட்டும் செய்து பாருங்கள். கட்டத்தின் பெயர், அதன் பொருள், அதன் தலைப்பு என்று மூன்று நெடுவரிசை போடுங்கள். முதலிரண்டை நீங்கள் எழுதுங்கள். மூன்றாவதை, அந்தப் படிவத்தை நிரப்பப் போகிற ஆளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.